தன் கண்ணால்

பெட்டிக்குள் இருப்பது என் தம்பி ஓபேத்தான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். பார்க்காமலேயே. திருவனந்தபுரம் விமான நிலையத்தின் சரக்குக் கூடத்தில் ஒரு பக்கம் வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்த முருங்கைக்காய்ப் பெட்டிகள், இன்னொரு பக்கம் யாரோ ஊருக்கு அனுப்பிய பெரிய டிவி, நடுவில் அது. அதிகாரி பாஸ்போர்ட்டில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "சிஸ்டரல்லே? முகம் கண்டாலே அறியாம்," என்றார். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதாம். அவ்வளவுதான் விசாரணை. என் மூஞ்சியே அத்தாட்சி ஆகிவிட்டது. விரலால் தொட்டுக் காட்டிய இடத்திலெல்லாம் போட்டேன். எமீமா அருமைநாயகம், எமீமா அருமைநாயகம். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அதுதான் எனக்கு இப்போதும் திகைப்பாக இருக்கிறது, என் கைக்கு என்ன ஆயிற்று? இப்போது ஆம்புலன்ஸுக்குள் பக்கப் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். முட்டி பெட்டியில் இடிக்கிறது. முன்னால் டிரைவர் கிளாட்சன், அவர் பக்கத்தில் அப்பாவின் தம்பி ஞானதிரவியம் சித்தப்பா. சித்தப்பா தலையைத் தொங்கப்போட்டுத் தூங்குகிறார், எப்படித் தூங்க முடிகிறது இவரால். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்டி கிரீச் என்கிறது. பெட்டியின் ஒரு முனையில் 'தலை' என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கிறார்கள், கீழே அதையே அரபியிலும். ஏற்றும்போது திருப்பி ஏற்றிவிட்டார்கள், நான் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து அந்தப் பக்கம் போகலாம். போகவில்லை. கால்மாட்டில் இருக்கும்வரை உள்ளே இருப்பது யாருடைய காலாகவும் இருக்கலாம்.

அவ்டொப்சியா. பெண்பால் பெயர்ச்சொல், முதல் வகை. அவ்டொப்சியா, அவ்டொப்சியாஸ், அவ்டொப்சியான். மூன்று வாரமாக இது என் தலைக்குள் மூடாத குழாயாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. நான் இறையியல் கல்லூரியில் கிரேக்கம் நடத்துகிறவள். பாஸ்டர் ஆக வருகிற பையன்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, பரீட்சை வைத்து, பாதிப் பேரை ஃபெயிலாக்குவது என் பிழைப்பு. ஓபேத் சொல்வான், "எக்கா, செத்தவனுவ பேசுன பாஷைய உயிரோட இருக்கவனுக்குச் சொல்லிக்குடுத்து நீ ஏன் பாவத்தச் சேக்க?" சொல்லிவிட்டு அவனே ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்பான், "சரி, இந்த வாரம் என்ன சொல்லு?" நான் ஒரு சொல்லைச் சொல்வேன், அது எங்கே பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது, கடைசியில் யாருக்கு வாழ்க்கைப்பட்டது என்று. வளைகுடாவில் அவன் சாரம் கட்டுகிற இடத்தில் அதைச் சொல்லி நேபாளிக்காரனையும் வங்காளிக்காரனையும் சிரிக்கவைப்பான். ஒரு மாதம் முழுக்க அவனுடைய மேஸ்திரிக்குக் கிரேக்கத்தில் ஒட்டகம் என்று பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறான், அந்த மனுஷனும் ஏதோ மரியாதை என்று தலையாட்டியிருக்கிறார். அவனுடைய கம்பெனியிலிருந்து இரண்டாவது போன் வந்தபோது, "அட்டாப்ஸி முடிந்துவிட்டது மேடம், அதனால்தான் உடலை அனுப்பத் தாமதம்," என்று அந்த ஆள் இங்கிலீஷில் சொன்னபோது, என் தம்பியை வெட்டிப் பார்த்துவிட்டார்கள் என்று சொன்னபோது, நான் என்ன செய்திருக்க வேண்டும்? கத்தியிருக்க வேண்டும். கீழே விழுந்திருக்க வேண்டும். என் மூளை என்ன செய்தது தெரியுமா, சொல்லைப் பிரித்தது. அவ்டோஸ், தான். ஒப்சிஸ், பார்வை. ஒப்சிஸுக்கு முகம் என்றும் சொல்லலாம், பார்க்கிறதும் அதுதான், பார்க்கப்படுகிறதும் அதுதான். தன் கண்ணால் தானே பார்ப்பது. போனைக் காதில் வைத்துக்கொண்டு முழுதாக இதை நினைத்து முடித்தேன். அப்புறம்தான் யாரை என்று கேட்டது மனசு.

முதல் போனை நினைக்கவே கூடாது என்று இருக்கிறேன். ஆனால் நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் அது வந்துவிட்டது. ஆசிரியர் அறை. மேஜையில் சாயா ஆறிக்கொண்டிருந்தது. தெரியாத நம்பர். "அருமைநாயகம் குடும்பமா?" ஆமாம். "வருத்தமான செய்தி மேடம். மிஸ்டர் அருமைநாயகம் காலமாகிவிட்டார்." நான் சொன்னேன், சாவதானமாகச் சொன்னேன், "தெரியும்." "உங்களுக்கு ஏற்கெனவே யாராவது சொல்லிவிட்டார்களா?" "அவர் போய்ப் பல வருஷம் ஆயிற்று சார். நீங்கள் எந்த இன்ஷூரன்ஸ்?" அவர் ஏதோ தடுமாறினார். நான் வகுப்புக்கு மணி அடித்துவிட்டது என்று வைத்துவிட்டேன். அருமைநாயகம் என் அப்பா. நம் ஊரில் அப்பா பேர் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கும், அதோடு சரி. அ. ஓபேத். பாஸ்போர்ட்காரன் அந்த ஓர் எழுத்தை விரித்துக் குடும்பப் பெயர் என்று கடைசியில் ஒட்டிவிட்டான். வளைகுடாவில் கடைசிப் பெயர்தான் ஆளுக்குப் பெயர். என் தம்பியைப் போன எட்டு வருஷமாக அங்கே எல்லோரும் அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனே சொல்லிச் சிரித்திருக்கிறான், "எக்கா, இங்க ஒருத்தன் என்ன ஏசணும்னா அப்பாவ ஏசுற மாதிரி இருக்கு, பாவம் அவரு." எனக்குத் தெரியும். தெரிந்தும் சாயாவைக் குடித்தேன். வகுப்புக்குப் போனேன். மறுநாள் ஒரு சிநேகிதி வீட்டுப் பிள்ளைக்கு ஞானஸ்நானம், பிரியாணி சாப்பிட்டேன், நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கினேன். அடுத்த போன் வரும்வரை அந்த இரண்டு நாளும் அவன் எங்கோ ஒரு குளிர்பெட்டியில் கிடந்தான். செய்தி என் காது வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது, நான் அதைக் கவனிக்கவில்லை.

களியக்காவிளை. போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார், கிளாட்சன் ஒரு வார்த்தை சொன்னார், போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போகச் சொன்னார். அவரும் நம்பிவிட்டார். இப்படித்தான் எல்லோரும் நம்புகிறோம், ஒருவர் சொல்கிறார், அடுத்தவர் தொப்பியைக் கழற்றுகிறார். பழைய கிரேக்க வைத்தியர்களில் ஒரு கூட்டம் இருந்தது, அனுபவக்காரர்கள் என்று பெயர். காரணம் தேடாதே, கண்டதை மட்டும் சொல் என்பது அவர்கள் கட்சி. வைத்தியம் மூன்று காலில் நிற்கிறது என்றார்கள். முதல் கால் அவ்டொப்சியா, நீயே பார்த்தது. இரண்டாவது, பார்த்தவன் சொல்லக் கேட்டது. மூன்றாவது, இரண்டும் கைகொடுக்காத இடத்தில், தெரிந்த ஒன்றின் சாயலைப் பிடித்துக்கொண்டு தெரியாத ஒன்றுக்குப் போவது. வகுப்பில் இதைச் சொல்லும்போது கரும்பலகையில் ஒரு முக்காலி போடுவேன். பையன்கள் வரைந்துகொள்வார்கள். என் முக்காலியில் இப்போது ஒரே ஒரு கால்தான் இருக்கிறது. கேட்டது. கம்பெனி சொன்னது, தூதரகம் சொன்னது, அவனோடு தங்கியிருந்த தூத்துக்குடிப் பையன் போனில் அழுதான், ஆனால் அவனும் நைட் ஷிஃப்ட், அவனும் பார்க்கவில்லை, மேஸ்திரி சொன்னாராம். பார்த்தவர் யார்? சாரத்திலிருந்து அவன் விழுந்ததை யார் பார்த்தது? ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு இந்தச் சாவு வந்துகொண்டே இருக்கிறது, கடைசியில் நான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறேன்.

போன் அடித்தது. அம்மா. எடுத்தால் என்ன சொல்ல, எடுக்காவிட்டால் என்ன நினைப்பாள். எடுத்தேன். "ஏட்டி, பாத்தியா?" வணக்கம் இல்லை, எங்கே வருகிறாய் இல்லை. "வந்துட்டு இருக்கோம்மா." "அது கேக்கல. அவனப் பாத்தியா?" "பெட்டி மூடியிருக்கும்மா. தொறக்கப்படாதுன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காவ." பின்னால் யாரோ ஒப்பாரியைத் தொடங்க, அம்மா அவளை அதட்டினாள், "சும்மா கெடட்டி, ஆருக்கு அழுத? இன்னும் தெரியல்லல்லா." பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, "அவன் பேரச் சொல்லலல்லா? ஒங்கப்பா பேரத்தானட்டி சொன்னாவ. அந்தப் பேருல அங்க எத்தன பேரு இருக்கானோ." அம்மா, அருமைநாயகம் என்று வளைகுடாவில் எத்தனை பேர் இருக்க முடியும், நாலு தாலுகா தாண்டினால் அந்தப் பெயர் கிடையாதே. சொல்லவில்லை. "நீ பாத்துட்டுச் சொல்லு," என்றாள். "நீ சொன்னா நம்புவேன். வேற எவன் சொன்னாலும் நம்ப மாட்டேன். மொகத்தப் பாக்காம எம்புள்ளய குழிக்குள்ள வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்." வைத்துவிட்டாள். சித்தப்பா விழித்துக்கொண்டு திரும்பினார். "மைனிக்கு என்னவாம்?" சொன்னேன். "ஏ எமி, நீ ஒண்ணும் பண்ணிராத. ஒரு மாசமாவப் போவுது. தொறக்கப்படாதுன்னா தொறக்கப்படாதுதான். நான் வந்து சொல்லிக்கிடுதேன்." நீங்கள் சொன்னால் நம்பமாட்டாளாம் சித்தப்பா. அதையும் சொல்லவில்லை. எனக்கு வாய் எதற்கு இருக்கிறது என்று தெரியவில்லை.

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது பெட்டி என் பக்கமாகச் சரிந்தது. கையை வைத்துத் தடுத்தேன். முதல் தடவையாக அதைத் தொட்டேன். பலகை சில்லென்று இருந்தது, வெளியே வெயில் கொளுத்துகிறது, இது மட்டும் சில்லென்று. கையை எடுக்கவில்லை. எங்கள் சபையில் பெட்டியை மூடும் முன் உபதேசியார் சத்தமாகச் சொல்வார், மொகம் பாக்கிறவங்க பாத்துக்கோங்க, மூடப் போறோம். அதுவரை சமையல் பக்கம் நின்றவர்கள், தெருவில் கார் நிறுத்தியவர்கள், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள், எல்லோரும் ஓடிவருவார்கள். ஒருவர் விடாமல் முகத்தைப் பார்ப்பார்கள். பெண்கள் கன்னத்தைத் தடவி நெற்றியில் முத்தம் கொடுப்பார்கள். அப்பா போனபோது கண் சரியாக மூடவில்லை. பாதி திறந்து, என்னமோ அரைத் தூக்கத்தில் எங்கள் பேச்சைக் கேட்பதுபோல. நர்ஸ் பஞ்சு வைக்க வந்தாள். அம்மா அவளைத் தள்ளிவிட்டு, இரண்டு விரலால் மேலிருந்து கீழே ஒரே தடவல், மூடிவிட்டது. "போய்ட்டு வாங்க," என்றாள். ஓபேத் அன்றைக்கு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான், வந்தவர்கள் யார் அக்கா யார் தம்பி என்று முடியை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அப்படி ஒரு சாயல். சின்னதில் அவனுக்குக் கவுன் போட்டு நான்தான் என்று சொல்லி ஏமாற்றியிருக்கிறேன். அம்மாவே பேரை மாற்றி மாற்றித்தான் கூப்பிடுவாள், பெண்ணான என்னை எய்யா என்பாள், பையனான அவனை ஏட்டி என்பாள். சுண்டுவிரல்கூட. அப்பாவுக்கு, எனக்கு, அவனுக்கு, மூன்று பேருக்கும் வலது கை சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்கும். அருமைநாயகம் கம்பெனி முத்திரை என்பான் ஓபேத். எங்களைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்கு நேரான சுண்டுவிரல்தான் கோணலாகத் தெரியுமாம்.

அவ்டொப்சியாஸ், அவ்டொப்சியான். இந்தச் சொல்லை நான் விட்டாலும் இது என்னை விடுவதாயில்லை. நான் நடத்தும் சுவிசேஷப் பாடத்தில் இதன் பங்காளிச் சொல் ஒன்று ஒரே ஒரு தடவை வருகிறது, கண்ணால் கண்டவர்கள். அந்த இடம் வரும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும். பாருங்கள், வதந்தியை எழுதவில்லை, கண்டவர்களைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்பேன். பெருமை. கண்டவர்களுக்கு அதற்கப்புறம் தூக்கம் வந்ததா என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை, ஒரு பையனும் கேட்டதில்லை. அப்புறம் எகிப்துப் பக்கம் மந்திரவாதிகள் கையில் இந்தச் சொல்லின் உறவுக்காரச் சொற்கள் போய்ச் சேர்ந்தன. விளக்கை வைத்து, கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, ஒரு சிறுவனைக் குனிந்து பார்க்கச் சொல்லி, சாமி நேரில் வருகிறதா என்று கேட்பார்கள். நம் ஊரில் மை போட்டுப் பார்க்கிற மாதிரியேதான். நாலு வருஷம் முன்னால் இதைச் சொன்னபோது ஓபேத் கேட்டான், "எக்கா, சாமி வந்துச்சா?" தெரியாதுடா என்றேன். "பாத்தவன் சொல்லலியா?" பிற்காலத்தில் அந்தச் சொல் லத்தீனுக்குள் போய் மறைந்து, ஐரோப்பாவில் சுற்றி, பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் கையில் கத்தியோடு வெளியே வந்தது. செத்தவரைத் திறந்து பார்ப்பதற்குப் பெயராகிவிட்டது. இதில் என்ன கொடுமை என்றால், இந்தச் சொல்லைத் தலையில் வைத்துக் கொண்டாடிய அனுபவக்காரர்கள் பிணத்தை அறுப்பதையே ஒப்புக்கொள்ளாதவர்கள். செத்த உடம்பு உயிருள்ள உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்று சாதித்தவர்கள். வெட்டாதே என்றவனுடைய சொல்லை எடுத்து வெட்டுக்குப் பெயராக வைத்தது உலகம். இன்றைக்குக் கிரேக்கத்திலேயே பிரேதப் பரிசோதனைக்கு இந்தச் சொல்லைச் சொல்வதில்லை, வேறு சொல் வைத்திருக்கிறார்கள், பெற்றவர்கள் கைகழுவிவிட்டார்கள். அப்புறம் ஏன் என் காதில் வந்து விழுந்தாய் நீ? வேறு வீடு கிடைக்கவில்லையா உனக்கு? எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு சொல்மேல் ஆத்திரப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், தம்பியின் கால்மாட்டில். தம்பி என்று சொல்லிவிட்டேன் பார்.

நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழிக் காற்று வண்டியைப் பிடித்து உலுக்கியது. ஜன்னல் வழியாகக் காற்றாலைகள், ஒன்றிரண்டு சுற்றாமல் நின்றன. கிளாட்சன் வண்டியை ஓரமாக, ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினார். சித்தப்பாவிடம், "சாயா குடிச்சிட்டு வாருங்க, கொஞ்சம் நேரம் ஆவும்," என்றார். சித்தப்பாவுக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். என்னைப் பார்க்காமல் இறங்கி, எதிர்ப்பக்கக் கடையை நோக்கி மெதுவாக நடந்தார், வேட்டியைக் காற்றில் பிடித்துக்கொண்டு. கிளாட்சன் பின்கதவைத் திறந்தார். "அக்கா, ஒண்ணு சொல்லட்டா? அம்மா சொன்னத நீங்க சித்தப்பாட்ட சொன்னது எனக்கும் கேட்டுது. வீட்டுல வச்சுத் தொறந்தா நாலு பேரு மயங்கி விழுவாங்க. நான் கண்டிருக்கேன். பாக்கணும்னு உண்டும்னா இங்க வச்சுப் பாத்துடுங்க. வேண்டாம்னா வேண்டாம்." அவர் கையில் ஏற்கெனவே திருப்புளி இருந்தது. நான் ஆமாம் என்று சொன்னதாக நினைவில்லை. அவர் ஒரு முகக்கவசத்தில் தைலத்தைத் தேய்த்து நீட்டினார், போட்டுக்கொண்டேன், கண் எரிந்தது. திருகுகள் ஒவ்வொன்றாக வந்தன, அவற்றை ஒரு சாயா டம்ளரில் போட்டார். எழுந்து தலைமாட்டுக்குப் போனேன். உலகத்தில் இவ்வளவு நீளமான வண்டி இருக்கிறதா? ஆண்டவரே, அவனாக இருக்கக் கூடாது. யாராவது, யாராவது இன்னொருத்தனாக இருக்கட்டும். நேபாளிக்காரன், அந்த வங்காளிக்காரன். எனக்கு என்னையே பார்க்கச் சகிக்கவில்லை, இன்னொருத்தியின் தம்பியை உள்ளே படுக்கவைக்கச் சொல்லி ஜெபம் பண்ணுகிறேன். பண்ணினேன். மூடி நகர்ந்தது. உள்ளே வெள்ளை பிளாஸ்டிக். மருந்து நெடி தைலத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. "மொகம் வேண்டாம் அக்கா," என்றார் கிளாட்சன். "முதல்ல கைய பாருங்க." ஓரமாகக் கொஞ்சம் பிரித்தார். கை. கறுத்து, வீங்கி, யாருடையதோ மாதிரி ஒரு கை. நகத்தில் சிமென்ட். சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருந்தது. என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். மூன்றாவது கால் கிடைத்துவிட்டது, சாயல். ஆனால் அம்மா கையைக் கேட்கவில்லை, முகத்தைக் கேட்டாள். "அதையும் காட்டுங்க," என்றேன். "அக்கா..." "காட்டுங்க." பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று யாரிடமும் சொல்லப் போவதில்லை, இங்கேயும் இல்லை. நூலை மட்டும் சொல்கிறேன். தொண்டைக்குக் கீழே தொடங்கி, பிளாஸ்டிக்குக்குள் போய் மறையும்வரை, கறுப்பு நூலில் பெரிய பெரிய தையல், அரிசி மூட்டையின் வாயைத் தைக்கிற மாதிரி. பேர் தெரியாத ஒரு மனிதர் என் தம்பியைத் திறந்து, அவன் அம்மாவும் பார்க்காததை, அவனே பார்க்காததைப் பார்த்துவிட்டு, பொறுப்பாகத் தைத்தும் அனுப்பியிருக்கிறார். அவர் பார்த்து என்ன தெரிந்துகொண்டார்? ஞாயிற்றுக்கிழமை சொல் கேட்கிறவன் என்று தெரிந்துகொண்டாரா? எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பார்த்துவிட்டால் நிச்சயம் வந்துவிடும், நிச்சயம் வந்தால் அழுகை வந்துவிடும் என்றுதான் இத்தனை வருஷம் முக்காலி போட்டேன். பார்த்துவிட்டேன், நிச்சயமாகிவிட்டது, ஆனால் நம்ப முடியவில்லை. கண் நம்பிவிட்டது, நான் நம்பவில்லை. கிளாட்சன் மூடியை வைத்துத் திருகுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். ஒரு திருகு கீழே விழுந்து உருண்டது. இரண்டு பேரும் குனிந்து தேடினோம், நான்தான் எடுத்துக்கொடுத்தேன். "தேங்க்ஸ் அக்கா," என்றார்.

பிறகு வழி ஒன்றும் ஞாபகமில்லை. சித்தப்பா ஏதோ கேட்டார், நான் ஏதோ சொன்னேன், அதன்பின் அவர் தூங்கவில்லை, முன்கண்ணாடியைப் பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தார். நான் யோசித்தது ஒன்றே ஒன்று. அம்மா கேட்பாள். கேட்டால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பார்த்தேன் என்றால், எனக்கும் காட்டு என்பாள், அது அவள் உரிமை, பெற்றவள். திறக்க விட்டால் இனி அவளுக்கு ஓபேத் என்றால் அந்த முகம்தான், கவுன் போட்ட ஓபேத் கிடையாது, என் தோளில் அழுத ஓபேத் கிடையாது. திறக்க விடாவிட்டால் அவள் நம்பமாட்டாள், கடைசி மூச்சுவரை வாசல் கதவைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இரண்டில் எந்தக் கொடுமையைச் செய்வது? வள்ளியூர் வந்தது. ரயில்வே கேட் வந்தது. எங்கள் தெரு வந்தது. பந்தல் போட்டிருந்தார்கள், நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அம்மா எழ வேண்டியிருக்கவில்லை, அவள் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எப்போதிருந்து நிற்கிறாளோ.

பின்கதவு திறந்தது. நான் முதலில் இறங்கினேன். கூட்டம் அம்மாவுக்கு வழி விட்டது. அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து நேராக வந்தாள்.

"பாத்தியாட்டி?"

"பாத்தேம்மா."

"ஒங்கண்ணால?"

"எங்கண்ணால."

"அவந்தானா?"

எத்தனை சொல் தெரியும் எனக்கு, அத்தனையும் எங்கே போயிற்று. வலது கையைத் தூக்கினேன். சுண்டுவிரலை மட்டும் நீட்டிக் காட்டினேன். அம்மா அந்தக் கோணல் விரலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் உபதேசியார் யாரிடமோ கேட்பது கேட்டது, "பெட்டிய எறக்குனதும் தொறக்கணுமா, எப்படி?"

"தொறக்க வேண்டாம்," என்றாள் அம்மா, திரும்பாமலே. "நான் இங்க பாத்துக்கிடுதேன்."

என் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தினாள். எனக்கு என்ன செய்கிறாள் என்று முதலில் விளங்கவில்லை. முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள், கன்னத்தைத் தடவினாள், கலைந்த முடியை இரண்டு பக்கமும் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக் குட்டையாக்கினாள். குட்டையாக்கிவிட்டுப் பார்த்தாள். நெற்றியில், கன்னத்தில், மறுபடி நெற்றியில் முத்தம் கொடுத்தாள். விளங்கியதும் எனக்கு உடம்பெல்லாம் தூக்கிப்போட்டது. அவள் கை என்னை அழுத்தமாகப் பிடித்திருந்தது. நான் அசையவில்லை. அசையாமல் கிடப்பவனைப் போலவே நின்றேன்.

"எய்யா," என்றாள் என்னைப் பார்த்து. "போய்ட்டு வாய்யா."

இரண்டு விரலால் மேலிருந்து கீழே என் கண்களை மூடினாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பெட்டியை இறக்குகிற சத்தம் கேட்டது, உபதேசியார் பாட்டைத் தொடங்குவது கேட்டது. அம்மா சொல்லும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.